‘தனியாள்’ என்று எழுதிய வீடு

எங்கள் பங்குக் கோயிலின் பதிவேடுகளை 1979 முதல் 2023 வரை நான் எழுதினேன். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என்று மூன்று பேரேடுகள். ஆண்டுதோறும் தவக்காலத்தில் வீடுவீடாகப் போய் நிரப்பும் குடும்பப் படிவம் தனி. இவற்றில் செல்லக்கிளியின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. இதை நான் எழுதுவதற்குக் காரணம் அதுதான்.

செல்லக்கிளிக்கு ஊர் உடன்குடிக்குப் பக்கம், பனங்காட்டுக் குடும்பம். கருப்பட்டி விற்கத் தூத்துக்குடிக்கு வந்த இடத்தில் மரியானைப் பார்த்தாள். மரியான் சங்கு குளிப்பவர், எங்கள் பங்குக்காரர். 1984 ஜூன் 12, செவ்வாய்க்கிழமை, இருவரும் கோயில் அலுவலகத்துக்கு வந்தார்கள். அவள் மதம் மாறவில்லை. ஆனாலும் மறைமாவட்ட ஆயரிடம் அனுமதி வாங்கி மணம் முடித்து வைக்க வழி உண்டு. பெண்ணுக்கு முன்பு திருமணம் ஆகவில்லை என்று அவள் ஊரிலிருந்து ஒரு கடிதம் வேண்டும் என்றேன்.

“ஓடி வந்தவளுக்கு எந்த ஊர்ல அண்ணாச்சி கடுதாசி குடுப்பாவ?” என்று கேட்டாள்.

“கடிதம் இல்லாமல் எழுத முடியாது” என்றேன்.

கடிதம் கிடைக்காவிட்டால் அவளை அறிந்த இரண்டு பேர் சாட்சி சொன்னால் போதும். அது எனக்குத் தெரியும். அவர்கள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. மூன்று முறை வந்துவிட்டு, பிறகு வரவில்லை. கடற்கரைத் தெருவில் ஒரே வீட்டில் வாழத் தொடங்கினார்கள்.

அடுத்த ஆண்டு படிவத்தோடு போனேன். செல்லக்கிளி கருப்பட்டிக் காப்பி கொடுத்தாள். குடித்துக்கொண்டே, ‘மரியான், தனியாள், உறுப்பினர் ஒருவர்’ என்று எழுதினேன். படிவத்தில் ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம் உண்டு. அதில் ஒரு வரி எழுதியிருக்கலாம். 1985 முதல் 2012 வரை இருபத்தெட்டுப் படிவங்கள், இருபத்தெட்டுக் காப்பி. கட்டம் வெறுமையாகவே இருக்கிறது.

ஆண்டவரின் தலைமைச் சீடரும் மீனவருமான இராயப்பரின் திருநாளுக்கு முந்தின மாலை, வலைக் கொட்டகையில் புனிதரின் வரலாற்றை வாசிப்பது என் வேலை. 1996இல் அவருடைய குடும்பத்தைப் பற்றி வாசித்தேன். அவருடைய மாமியார் காய்ச்சலாய்க் கிடந்ததும் ஆண்டவர் கையைத் தொட்டு எழுப்பியதும் நற்செய்தியில் இருக்கிறது. அவர் மனைவியை உடன் அழைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனதைப் பவுல் கடிதம் குறிப்பாகச் சொல்கிறது. பெத்ரோனில்லா என்று ஒரு மகள் இருந்ததாகப் பழைய மரபு சொல்லும், அதற்கு உறுதியில்லை. அந்த மனைவியைக் கொலைக்களத்துக்கு இழுத்துப் போனபோது, இராயப்பர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ‘ஆண்டவரை நினைத்துக்கொள்’ என்றதாகவும் மரபு உண்டு.

பின்னால் கருப்பட்டிக் கூடையோடு உட்கார்ந்திருந்த செல்லக்கிளி எழுந்தாள்.

“அந்தப் பொஞ்சாதி பேரு என்ன அண்ணாச்சி?”

“எழுதப்படவில்லை.”

“பேரச் சொல்லிக் கூப்பிட்டாருன்னு இப்பத்தானே வாசிச்சீய?”

“கூப்பிட்டார் என்று இருக்கிறது. பெயர் இல்லை.”

“எழுதுனவரு ஒங்கள மாதிரி ஆளு போல. காப்பியக் குடிச்சிட்டுப் பேர வுட்டுட்டாரு.”

கொட்டகையே சிரித்தது. “ஏளா, சும்மா இரி. அண்ணாச்சி அடுத்த வருசம் ஒன் வீட்டுக்கு வரமாட்டாவ” என்று மரியான் அவளைக் கையைப் பிடித்து உட்காரவைத்தார். நானும் சிரித்தேன். அடுத்த ஆண்டும் போனேன், அதையேதான் எழுதினேன்.

எங்கள் கல்லறைத் தோட்டத்தில் இடம் குறைவு. புருசன் பெண்டாட்டிக்கு ஒரே குழி. முதலில் போனவர் மேலேயே அடுத்தவரை வைப்பது வழக்கம். தனியாளின் குழியைப் பத்து ஆண்டு கழிந்ததும் வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிடலாம்; பழைய எலும்பு அடியிலேயே கிடக்கும். 2012 அக்டோபரில் மரியான் நெஞ்சுவலியில் இறந்தார். மண் போட்டு முடிந்ததும் செல்லக்கிளி என்னிடம் வந்தாள்.

“இந்தக் குழி எனக்குந்தானே அண்ணாச்சி? அப்படித்தான் அவுக சொல்லிக்கிட்டே இருப்பாக.”

“பார்ப்போம்” என்றேன். எனக்குத் தெரிந்தே சொன்ன பொய் அது ஒன்றுதான்.

2023 ஜூலையில், பத்து ஆண்டு கடந்த தனியாள் குழிகளின் பட்டியலைக் கோயில் நிர்வாகத்தில் கேட்டார்கள். பேரேட்டைப் பார்த்து எழுதினேன். ஏழாவது பெயர் மரியான். அந்த இடத்தில் பேனா நின்றது என்று எழுத எனக்கும் ஆசைதான். நிற்கவில்லை. ஒன்பது பெயர்களும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நவம்பர் 2, கல்லறைத் திருநாள். மெழுகுவத்தியும் செவ்வந்தியும் கொண்டு வந்த செல்லக்கிளி, மரியானின் குழியில் நட்டிருந்த புதுச் சிலுவையின் முன்னால் நின்றாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. பக்கத்தில் நின்ற ஜோன்ஸை, மரியானின் தங்கை மகனை, வாசிக்கச் சொன்னாள். அவன் வேறொருவர் பெயரை வாசித்தான். மெழுகுவத்தியை அங்கேயே ஏற்றிவைத்துவிட்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமல் போனாள். அந்த மாதமே வேலையை விட்டேன்.

இந்தத் தவக்காலத்தில் பங்குத்தந்தையிடம் 1984 முதல் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தக் குழியை மீட்க முடியாது, அதே வரிசையில் அவளுக்கு வேறிடம் தரலாம் என்றார். ஒரு புதுப் படிவத்தை வாங்கிக்கொண்டு செல்லக்கிளி வீட்டுக்குப் போனேன். மரியான் போன பிறகு பதினோரு ஆண்டாகப் போகாத வீடு. கடிதத்துக்குப் பதில் சாட்சி போதும் என்பதை மறைத்ததையும், பட்டியல் விஷயத்தையும், புது இடத்தையும் அவளிடம் சொன்னேன். பிறகு படிவத்தில் எழுதி, எழுதியதை வாசித்தேன்: “மரியான், காலமானவர். மனைவி செல்லக்கிளி.”

“முன்னால எழுதுன இருபத்தெட்டையும் திருத்துவீயளா?”

“பழைய படிவத்தைத் திருத்தக் கூடாது.”

“அதான பாத்தேன்” என்று காப்பியை என் முன்னால் வைத்தாள். “புது எடம் அவுகளுக்கு எவ்வளவு தூரம்?”

காலையில்தான் அளந்திருந்தேன். “பதினோரு அடி.”



“பதினோரு அடியா... அவுக கூப்பிட்டாக் கேக்குமா அண்ணாச்சி?”

அந்தக் காப்பியை நான் குடிக்கவில்லை.