ஹார்பர் கேட்டுக்கு வெளியே ஊர் எங்கே?

கப்பலில் வரும் வெளிநாட்டுக்காரர்களை ஹார்பரிலிருந்து ஊருக்குள் கூட்டிப்போய், பொழுது சாய்வதற்குள் திரும்பக் கொண்டுவந்து ஏற்றுவது என்று ஒரு பிழைப்பு உண்டு. எதிரிக்கும் வேண்டாம் அது.

வீட்டுக்கு வந்த உறவுக்காரர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டி, ரயிலேற்றிவிட்டு, "அப்பாடா" என்று சாய்ந்தவர்களுக்கு என் பாடு கொஞ்சம் புரியும். இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருஷங்கள் மாமல்லபுரத்தில் ஒரு டிராவல்ஸில் கைடாக இருந்தேன். சென்னைக்குச் சுற்றுலாக் கப்பல் வருகிற நாளில் நான் குடியிருந்த செங்கல்பட்டிலிருந்து முதல் ரயிலைப் பிடித்து, பீச் ஸ்டேஷனில் இறங்கி, ஹார்பர் கேட்டில் நிற்க வேண்டும். டிரைவர் ஏழுமலை பக்கத்துச் சிங்கப்பெருமாள்கோயில் ஊர்க்காரர், வேனோடு வந்துவிடுவார். கப்பல் யாருக்காகவும் நிற்காது. ஒரே ஒரு பயணி ஏறாமல் போனாலும் கப்பல் கம்பெனியின் ஒப்பந்தம் போய்விடும், அதோடு என் வேலையும் போய்விடும் என்று முதலாளி முதல் நாளே சொல்லிவிட்டார். சரித்திரம் படித்துவிட்டு மாமனார் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டிருந்தவன் நான். அந்த வேலையை விட்டால் எனக்குப் போக்கிடம் கிடையாது.

நடு ஊர்

கப்பலில் வருகிறவர்கள் இறங்கியதும் கேட்பது "சிட்டி சென்டர்". அவர்கள் ஊரில் எல்லாம் ஒரு மணிக்கூண்டு, நாலு காபிக்கடை, நடக்க ஒரு சதுக்கம் என்று நடுவூர் தனியாக இருக்குமாம். நம் சென்னையில் எதைக் காட்டுவது? ஏழுமலை பாரிஸ் கார்னர் என்றார். கேட்டைத் தாண்டினால் பாரிஸ்தானே, இறக்கிவிட்டேன். ஒரு அம்மாள் பூட்டுக்கடையையும் கயிற்றுக்கடையையும் பார்த்துவிட்டு, "சரி, சென்டர் எங்கே?" என்றார். மவுண்ட் ரோடுக்குப் போனோம். "இது வெறும் ரோடு" என்றார். தி.நகருக்குப் போனோம். கூட்டத்தைப் பார்த்து வேனை விட்டு இறங்கவே மறுத்துவிட்டார். அதற்குள் பாதிப் பகல் போய்விட்டது. இனி எங்கேதான் போவது என்று ஏழுமலையிடமே கேட்டேன்.

"சார், இந்தம்மா கேக்குற சென்டர இன்னும் கட்டல. கட்டி முடிச்சதும் சொல்லி அனுப்புறோம்னு சொல்லு."

எலுமிச்சம்பழம்

வேனுக்குப் புது டயர் போட்ட நாள். ஏழுமலை கேட்டருகே கற்பூரம் காட்டி, நாலு டயருக்கடியிலும் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு வண்டியை எடுக்க ஏறினார். அந்த நேரம் பார்த்து ஒரு வெள்ளைக்காரப் பாட்டி குனிந்து, யாரோ தவறவிட்டுவிட்டார்கள் என்று ஒரு பழத்தைப் பொறுக்கித் துடைத்து, புன்னகையோடு அவர் கையில் கொடுத்தார். ஏழுமலைக்கு முகம் வெளுத்துவிட்டது. வைத்த பழத்தை எடுத்த வண்டியை ஓட்டமாட்டேன் என்று சாவியை உருவிக்கொண்டு இறங்கிவிட்டார். நான் கெஞ்சினேன், கத்தினேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கடைசியில் பாட்டிக்கு விஷயத்தை விளக்கினேன். அவரே முட்டி போட்டு உட்கார்ந்து, பழத்தைப் பழைய இடத்திலேயே வைத்து, எதற்கும் இருக்கட்டும் என்று கும்பிட்டும் வைத்தார்.

"எங்கள் ஊரில் இதை இன்சூரன்ஸ் என்போம், ஆனால் அதில் இவ்வளவு நல்ல வாசனை வராது."

மேளம்

சாயங்காலம் ஹார்பருக்குத் திரும்பும்போது நெரிசலுக்குப் பயந்து ராயபுரம் சந்துகளில் புகுந்தோம். எதிரே மேளம். ஒரு நெட்டை டச்சுக்காரர் கல்யாணம் என்று நினைத்துக் கதவைத் திறந்து குதித்து, கூட்டத்துக்குள் போய் ஆட ஆரம்பித்துவிட்டார். யாரோ அவர் கழுத்தில் ஒரு மாலையும் போட்டார்கள். எட்டிப் பார்த்தேன். பின்னால் பூப்பல்லக்கில் பிணம் வந்துகொண்டிருந்தது.

அடி விழுந்தால் வாங்கிக்கொள்ளலாம். கப்பல் போய்விட்டால் என்ன செய்வது? இறந்தவரின் மகனைத் தேடிப் பிடித்து, இரண்டு கையையும் கூப்பி, இந்த மனுஷனை மன்னித்து என்னோடு அனுப்பிவிடுங்கள் என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆடிக்கொண்டிருந்தவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவரே கையைப் பிடித்துக் கூட்டிவந்து வேனில் ஏற்றிவிட்டார்.

"மன்னிப்பு இன்னாத்துக்கு சார்? எங்க நைனா ஹார்பர்ல மூட்ட தூக்குனவரு, ஒரு வாட்டிகூட கப்பல்ல ஏறிப் பாத்ததில்ல. இன்னிக்கு கப்பல்காரனே எறங்கி வந்து ஆடிக்கினு கீறான், வுடு சார்."

மீன்பாடி வண்டி

கடைசிக் கதை இது. ஹார்பர் கேட்டுக்கு வெளியே கன்டெய்னர் லாரிகள் கண்ணுக்கெட்டின வரை நின்றன. டிரைவர்கள் எஞ்சினை அணைத்துவிட்டு, ஓரத்தில் சமையல் செய்துகொண்டிருந்தார்கள். லாரிக் கூரைகளுக்கு மேலே எங்கள் கப்பலின் புகைபோக்கி தெரிந்தது. மற்றவர்கள் இறங்கி வேகமாக நடந்து போய்விட்டார்கள். முட்டி தேய்ந்த ஒரு கிழவரும் அவர் மனைவியும் மட்டும் வேனில் மாட்டிக்கொண்டார்கள்.

ஏழுமலை ஓடிப்போய், காசிமேட்டிலிருந்து காலியாக வந்த மீன் கூடை ஏற்றும் மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஒன்றை மடக்கினார். பலகையில் தன் துண்டை விரித்து இருவரையும் தூக்கி உட்காரவைத்தார். லாரிகளுக்கு நடுவே வண்டி வளைந்து வளைந்து போக, நான் பின்னால் ஓடினேன். அந்த அம்மாள் சின்னப் பெண் போலச் சிரித்துக்கொண்டே காமிராவில் படமாக எடுத்துத் தள்ளினார். ஏணியைத் தூக்குவதற்குக் கொஞ்சம் முன்னால் ஏறிவிட்டார்கள். நான் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து அழுதேன். வேலை தப்பித்தது என்கிற சந்தோஷம்தான், வேறொன்றும் இல்லை.

சில வாரம் கழித்து முதலாளி கூப்பிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. எதிரே உட்காரச் சொன்னார்.

"உன்னால ஒருத்தரும் கப்பல தவறவுடலப்பா, நான் இல்லன்னு சொல்லல. ஆனா அந்தம்மா, உலகம் பூரா சுத்துனதுல இதான் பெஸ்ட்டுன்னு மீன்வண்டி ஃபோட்டோவ கப்பல் கம்பெனிக்கே அனுப்பிட்டாங்க, அதப் பாத்துட்டு அவன் காண்ட்ராக்ட்ட கேன்சல் பண்ணிட்டான்."

ஆக, நான் பார்த்த அத்தனை வருஷ வேலையில் கப்பலைத் தவறவிட்ட ஒரே ஆள் நான்தான்.