சுண்ணாம்பு பூசி மறைத்த விரிசல்

ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குக் கீழே மலையைக் குடைந்து ரோட்டுக்குச் சுரங்கம் வெட்டினார்கள். வெடி வைத்தால் எந்த வீடு எவ்வளவு ஆடும், எது தாங்கும் என்று முன்கூட்டியே கணக்குப் பார்க்க ஆள் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். வெளியாள் வரும்போது வீடு அழுக்காக இருக்கலாமா? முதல்நாளே சுண்ணாம்பு அடித்துவிட்டேன். கட்டில் பக்கச் சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரு விரிசல் இருந்தது. மண்ணைக் குழைத்து அதில் அப்பி, மேலே பூசினேன்.

அந்தக் கட்டிலில்தான் என் வீட்டுக்காரர். மலையில் வழுக்கி இடுப்பு ஒடிந்ததிலிருந்து படுக்கைதான்.

"கல்யாண வீடு மாதிரி பண்ணிட்ட புள்ள. மாப்பிள்ளை நாந்தானா?" என்றார்.

வந்தவர் யாழ்ப்பாணத்து இஞ்சினியர். தரையில் ஒரு சின்னப் பெட்டியை வைத்தார். நான் நடந்ததற்கே அதில் எண்கள் துள்ளின. பிறகு கட்டில் பக்கச் சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"நல்ல சுவர். ஒரு வெடிப்பும் இல்லை. பின்னேரம் வெடி வைக்கேக்க ஐயாவைத் தூக்கத் தேவையில்லை அம்மா. உள்ளுக்கே இருக்கட்டும்."

நான் மூடிய இடம் அதுதான். நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. துரைமார் முன்னால் வாய் திறந்து பழக்கமில்லை. அவர் தாளில் எழுதிக்கொண்டே வாசலுக்குப் போனார்.

"சொல்லு புள்ள. செவரு விழுந்தா என் தலையிலதான் விழும்," என்று வீட்டுக்காரர் முணுமுணுத்தார்.

கரண்டியை எடுத்துச் சுவரைச் சுரண்டினேன். சுண்ணாம்பும் ஈரமண்ணும் கட்டிலில் கொட்டின. சத்தம் கேட்டுத் திரும்பி வந்தவர், விரிசலுக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"ஐயோ அம்மா, இதை ஏன் மூடினனீங்கள்?"

"ஆளு வர்றாங்கன்னு சொன்னாங்க…"

எழுதியதை வெட்டிவிட்டார். போனில் யாரிடமோ வெடிமருந்தைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார். விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை ஒட்டினார். சுவர் அசைந்தால் அது உடையுமாம். லயத்து ஆட்கள் வீட்டுக்காரரைக் கட்டிலோடு தூக்கி வெளியே கொண்டுபோய் வைத்தார்கள்.

பின்னேரம் வெடி வைத்தபோது, முதலில் தரை நடுங்கியது உள்ளங்காலில் தெரிந்தது. அப்புறம்தான் சத்தம். அடுப்படியில் பாத்திரங்கள் கிணுகிணுத்தன. நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

உள்ளே போய்ப் பார்த்தோம். சுவர் நின்றது. கண்ணாடி இரண்டாக உடைந்திருந்தது.

இஞ்சினியர் உடைந்த துண்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இன்னும் ஏதும் மூடி வைச்சிருக்கிறீங்களோ அம்மா?"

தலையைக் குனிந்தபடியே போய், எதிர்ச்சுவரில் மாட்டியிருந்த முருகன் கலண்டரைக் கழற்றினேன்.