காலி நாற்காலியில் ஒரு விருந்தாளி

அவிநாசி ரோட்டில் அந்த ஹோட்டலைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு இப்போதும் குமட்டிக்கொண்டு வருகிறது. ஹோட்டல்காரர்கள் மேல் குற்றமில்லை, பாவம். எங்கள் ராணுவ அகாடமியில் பயிற்சி முடித்தவர்களின் கோவைக் கிளை அதன் மாடி ஹாலில்தான் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடும். ராணுவத்தில் பெண் அதிகாரியாக இருந்து, மேஜராக ஓய்வு பெற்று ஊர் திரும்பிய நான், வீட்டில் சும்மா இருக்க முடியாமல் அதில் போய்ச் சேர்ந்தேன். சனியனை விலைக்கு வாங்கின கதைதான்.

எங்கள் ஆட்களுக்கு எந்த கோர்ஸில் பயிற்சிக்குச் சேர்ந்தோம் என்பதுதான் எல்லாம். ஒரு கோர்ஸ் முன்னால் அகாடமிக்குள் நுழைந்தவன் சாகும்வரை சீனியர். தலை நரைத்து, பேரன் பேத்தி எடுத்த பிறகும், சீனியர் வந்தால் ஜூனியர் எழுந்து நாற்காலி கொடுக்க வேண்டும். அவர் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது. அவர் மொக்கை ஜோக் சொன்னாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க வேண்டும். நானும் சிரித்திருக்கிறேன்.

அங்கே எனக்குப் பிடித்த வழக்கம் ஒன்றே ஒன்று. முன்வரிசை ஓரத்தில் சின்னதாக ஒரு மேஜை போடுவோம். வெள்ளைத் துணி, ஒரு தட்டு, கவிழ்த்து வைத்த டம்ளர், யாருமே உட்காராத ஒரு நாற்காலி. சண்டையில் போய்ச் சேர்ந்த எங்கள் பிள்ளைகளுக்கான இடம் அது.

வருஷத்தில் ஒரு மாதம் தாராபுரத்திலிருந்து ஒரு அம்மா வருவார். மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கூலிக்குக் காடு உழுத குடும்பத்தில் முதல் ஆளாகப் படித்தவர். அவருடைய ஒரே மகன் எங்கள் அகாடமியில் படித்து, எல்லையில் இறந்துபோனான். அவன் இறந்த மாதம் வரும்போது நாங்கள் கூப்பிடுவோம், அவரும் பஸ் ஏறி வந்து அந்தக் காலி நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காருவார். வீட்டில் சுட்ட ஒப்புட்டை, அதுதான் இனிப்புப் போளியை, மகனுடைய தட்டில் வைப்பார். எதற்காக இவ்வளவு தூரம் அலைகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

"பொட்டியத் தொறக்கக் கூடாதுன்னு சொல்லிப்போட்டாங்க கண்ணு. அவன் மொகத்தக் கடைசியா நான் பாக்கவே இல்ல. கல்லறைக்குப் போனா மண்ணுதான் தெரியுது. இங்க வந்தாத்தான் அவன் பக்கத்துல உக்காந்து சோறு திங்கற மாதிரி இருக்குது."

இந்த வருஷம் அந்த மாதத்துச் சிறப்புப் பேச்சாளர் ஒரு ஓய்வு பெற்ற ஜெனரல். டிவி விவாதங்களில் மேஜையைத் தட்டிச் சண்டைக்குக் கூப்பிடுகிறவர். வரும்போது மனை விற்கும் நண்பர் ஒருவரையும் கூட்டி வந்துவிட்டார். அன்றைய சாப்பாட்டுச் செலவு அந்த நண்பருடையது. ஹால் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் இடமே இல்லை.

அந்தம்மா எப்போதும் போல டப்பாவிலிருந்து ஒப்புட்டை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு, கை கழுவப் போனார். நான் நடு வரிசையில் இருந்தேன். அந்தச் சமயம் பார்த்து எங்கள் செயலாளர் அந்த மனை விற்கும் நண்பரை அழைத்து வந்தார். நாலு பக்கமும் பார்த்தார். பிறகு, சீ, அதைச் சொல்லவே நாக்கு கூசுகிறது, காலி நாற்காலியை இழுத்து, "உக்காருங்க சார்" என்றார். அவருக்குத் துணையாக அந்தம்மாவின் நாற்காலியில் தானும் உட்கார்ந்துகொண்டார். நண்பர் கையெட்டும் தூரத்தில் இனிப்பைப் பார்த்தார், தனக்கு வைத்தது என்று நினைத்துப் பிய்த்து வாயில் போட்டார். மேடையில் ஜெனரல் ஆரம்பித்திருந்தார். பேச்சின் பொருள் தியாகம்.

ஹாலில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். எனக்கு முன்னால் இருந்த கர்னல் பார்த்தார், பார்த்துவிட்டு மேடைப் பக்கம் திரும்பிக்கொண்டார். குண்டுக்கு நெஞ்சைக் காட்டியதாக மாதா மாதம் அளக்கிற ஆசாமி.

அந்தம்மா ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே திரும்பி வந்தார். தன் நாற்காலியையும் மகன் நாற்காலியையும் பார்த்தார். தட்டைப் பார்த்தார். அப்படியே நின்றார். நான் எழுந்து ஓடினேன்.

"சார், எந்திரிங்க. அது யாரோட சேருன்னு உங்களுக்குத் தெரியாதா?" என்று செயலாளரிடம் கேட்டேன்.

"மெதுவா மேடம். ஜெனரல் சார் பேசிட்டிருக்காரு."

மனை விற்பவருக்கு அதற்குள் விஷயம் புரிந்துவிட்டது. மனிதர் முகம் செத்துப்போயிற்று. "அய்யய்யோ, தெரியாம உக்காந்துட்டனுங்கம்மா" என்று எழப் பார்த்தார். செயலாளர் அவர் கையைப் பிடித்து இழுத்து மறுபடி உட்கார வைத்தார். ராணுவத்தையே பார்த்திராத அந்த ஆளுக்கு இருந்த வெட்கம் சீருடை போட்ட எங்களில் ஒருத்தருக்கும் இல்லை.

"வாங்கம்மா, என் சேர்ல வந்து உக்காருங்க" என்று அந்தம்மாவின் கையைப் பிடித்தேன்.

"வேண்டாங்கண்ணு. நான் அவன் பக்கத்துல உக்காரத்தான் வந்தேன்."

செயலாளர் உட்கார்ந்தபடியே தலையைத் தூக்கி, சின்னக் குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார்: "அம்மா, தப்பா நெனைக்காதீங்க. உங்க பையன் எங்க எல்லாருக்கும் ஜூனியர். சீனியரோட கெஸ்ட் வந்திருக்காரு. இப்ப அவன் இருந்திருந்தா அவனே எந்திரிச்சு எடம் குடுத்திருப்பான். அவ்வளவு டிசிப்ளின்."

செத்துப்போன பிள்ளையிடமும் சீனியர்தனம். த்தூ! அத்தனை வருஷம் நான் போட்டுத் திரிந்த உடுப்பே அந்த நிமிஷம் என் உடம்பில் அரித்தது.

அந்தம்மா கோபப்படவில்லை. குரல் கூட உயரவில்லை. ஜெனரல் மூச்சு வாங்க நிறுத்திய இடைவெளியில் அவர் சொன்னது ஹால் முழுக்கக் கேட்டது.

"நெசந்தானுங்க. எம் பையன் எந்திரிச்சிருப்பான். ஆனா இந்த அய்யாவுக்காக இல்லீங்க. நான் நிக்கறேன் பாருங்க, அதுக்கு."

நாற்காலிகள் நகர்ந்தன. கர்னல் எழுந்தார், செயலாளர் எழுந்தார், ஒவ்வொருத்தராக எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஹாலில் இப்போது வேண்டிய மட்டும் காலி நாற்காலிகள் இருந்தன. அந்தம்மா ஒன்றிலும் உட்காரவில்லை. டப்பாவை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு, "வாரனுங்க" என்று பொதுவாக எல்லோருக்கும் கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினார்.