தனம் அத்தையின் கன்னிப்பேச்சு

தனம் அத்தை இறந்துவிட்டார். டெல்லியில்... மாரடைப்பு. சாயந்திரம் டிவியில் கீழே செய்தி ஓடியது.

இது என் அம்மாவின் ஃபேஸ்புக் அக்கவுண்ட். எழுதுவது அவருடைய மகள், பிளஸ் ஒன் படிக்கிறேன். எல்லோரும் தூங்குகிறார்கள். போர்வைக்குள் இருந்து டைப் செய்கிறேன். தப்பு இருந்தால் மன்னித்துவிடுங்கள்.

உங்களுக்கு அவர் எம்.பி. திருச்சி தென்னூரில் எங்கள் தெருவுக்கு அவர் டைலர்.

என் முதல் யூனிஃபார்ம் அவர் தைத்ததுதான். கேட்காமலே உள்பக்கம் ஒரு பாக்கெட் வைத்திருந்தார். "பஸ் பாஸை எங்கடி வைப்ப? பொம்பளப் புள்ளைக்கு பாக்கெட் வேணாம்னு எவன் சொன்னான்?"

போன வருடம் அவருடைய கட்சி திடீரென்று அவரை மாநிலங்களவைக்கு அனுப்பியது. எம்.பி. ஆன பிறகும் சனி, ஞாயிறு ஊருக்கு வந்தால் மிஷினில்தான் உட்கார்ந்திருப்பார்.

"எம்.பி. மேடம், என் பிளவுஸ் எப்பங்க கிடைக்கும்?" என்று எதிர்வீட்டு ஆன்ட்டி கிண்டல் செய்வார்.

"பொறுங்க. உங்களையெல்லாம் காக்க வச்ச பாவத்துக்குத்தான் டெல்லியில என்னைக் காக்க வைக்கிறாங்க."

நிஜமாகவே காக்க வைத்தார்கள். புதிதாக வந்தவருக்குக் கடைசி வரிசை. வீடும் சீனியருக்குப் பெரியது, இவருக்குச் சின்னது. பேசும் பட்டியலிலும் பெயர் கடைசியில்.

"உங்க ஸ்கூல்ல பிளஸ் டூ அக்காங்கதானே தண்ணிக் குழாய்ல முதல்ல நிப்பாங்க? அதே கதைதான்டி அங்கயும். ஒரு சீனியர், அப்புறம் இன்னொரு சீனியர்... என் முறை வர்றப்ப நேரம் முடிஞ்சு போச்சும்பாங்க."

ஒரு நாள் அங்கே நாடாளுமன்ற நடைபாதையில் ஒரு பெரிய தலைவருக்குச் சட்டைப் பட்டன் தெறித்துவிட்டதாம். அத்தை தன் தாலிக் கயிற்றில் இருந்த ஊக்கைக் கழற்றிக் குத்திவிட்டிருக்கிறார். அவர் நன்றி சொல்லிவிட்டு, எந்த ஆபீஸில் வேலை செய்கிறீர்கள் என்று கேட்டாராம்.

"நானும் எம்.பி.தாங்கன்னு சொல்ல எனக்கு இந்தி வரலடி. சும்மா சிரிச்சேன்."

அப்புறம் அந்த வார்த்தை...

"சபையில முதல் முதலா பேசறதுக்குப் பேரு கன்னிப்பேச்சாம். ரெண்டு பேரன் எடுத்தவளைப் பிடிச்சு... கன்னிப்பேச்சு!" சிரித்த சிரிப்பில் வாயில் இருந்த குண்டூசிகள் கீழே விழுந்தன. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து பொறுக்கினோம்.

பொறுக்கிக்கொண்டே சொன்னார்: "அப்ப மட்டும் யாரும் குறுக்க பேச மாட்டாங்களாம். எவ்ளோ பெரிய சண்டைக்காரங்களா இருந்தாலும் கேப்பாங்களாம். அங்க அது வழக்கம். ஒரே ஒரு தடவைதான்டி கிடைக்கும்."

அந்தப் பேச்சை எழுதிக் கொடுக்கச் சொல்லி என்னிடம் கேட்டார். அவருடைய கையெழுத்து அவருக்கே புரியாது. அவர் சொல்லச் சொல்ல, என் ஃபிசிக்ஸ் நோட்டில் இருந்து கிழித்த நாலு பக்கத்தில் பெரிய பெரிய எழுத்தில் எழுதினேன். பச்சைமலைக் கிராமங்களுக்கு யூனிஃபார்ம் அளவு எடுக்கப் போனபோது பார்த்த பெண்களைப் பற்றியது. கடைசி பஸ் போய்விட்டால் வீடு திரும்ப முடியாது என்று பத்தாவதோடு நின்றுவிடுகிறவர்களைப் பற்றி.

வீட்டில் "அளவு கொடுக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். அப்பா வேறு கட்சி. வட்டச் செயலாளர்.

அப்புறம் அந்த வீடியோ வந்தது. நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள்... கடைசி வரிசையில் அத்தை தலை குனிந்து உட்கார்ந்திருப்பது. "தூங்கறதுக்கா டெல்லி போனீங்க?" என்று எழுதி முதலில் போட்டது என் அப்பா.

சாப்பிடும்போது ஃபோனை என் பக்கம் நீட்டினார். "பாரும்மா உன் டைலரம்மாவை." அம்மா சிரித்தார். நானும் சிரித்தேன்.

அந்த வீடியோவைப் பன்னிரண்டாவது விநாடியில் நிறுத்திப் பாருங்கள். மடியில் ஒரு வெள்ளைத்தாள் தெரியும். கோடு போட்டது. ஓரத்தில் சிவப்பு மார்ஜின்.

அது என் ஃபிசிக்ஸ் நோட். அத்தை தூங்கவில்லை. படித்துக்கொண்டிருந்தார். அன்றைக்குப் பட்டியலில் தன் பெயர் இருப்பதாக என்னிடம் முன்பே சொல்லியிருந்தார். அன்றைக்கும் நேரம் முடிந்துவிட்டது. அப்புறம் அவர் முறை வரவே இல்லை.

இது எனக்கு அன்றே தெரியும். சொல்லவில்லை. பயம். அடுத்த வாரம் கடைக்குப் போனபோது அத்தை அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "உயரமாயிட்டடி" என்று சொல்லிப் பாவாடை மடிப்பைப் பிரித்துவிட்டார்.

என் அப்பா கெட்டவர் இல்லை. இன்று டிவியில் செய்தியைப் பார்த்ததும் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். "என் கல்யாணச் சட்டை அவங்க தச்சதுதான்" என்றார். அத்தை படத்துக்குக் கறுப்புக் கட்டம் போட்டு அஞ்சலி எழுதினார். அவருக்கு அந்தத் தாளைப் பற்றித் தெரியாது.

ஆனால் அவருடைய ஃபேஸ்புக் பக்கத்தில் கொஞ்சம் கீழே போனால் அந்த வீடியோ இன்னும் இருக்கிறது. அதில் இன்றைக்கு யாரோ எழுதியிருக்கிறார்கள்: "தூங்கிட்டே போயிட்டாங்க போல." பக்கத்தில் சிரிப்பு பொம்மைகள்.

அதனால்தான் எழுதுகிறேன். நாளைக்கு உடல் வருகிறது. ஓயாமரி மயானத்துக்குப் போவதற்குள் யாராவது ஒருவர் இதைச் சொல்ல வேண்டும்.

அப்பா... காலையில் படிப்பீங்க. திட்டுங்க, ஃபோனைப் பிடுங்குங்க. அந்த வீடியோவை மட்டும் எடுத்துடுங்கப்பா.

அத்தை சொன்ன பேச்சின் ரஃப் காப்பி என்னிடம் இருக்கிறது. முதல் பக்கத்தை அப்படியே கீழே போடுகிறேன். வழக்கம் என்ன என்று உங்களுக்கு இப்போது தெரியும்... முடியும் வரை யாரும் குறுக்கே பேசாதீர்கள்.

பேசுங்க அத்தை.

"மாண்புமிகு அவைத் தலைவர் அவர்களே, வணக்கம். நான் திருச்சியில டைலர். பச்சைமலையில ஒரு பொண்ணுக்கு யூனிஃபார்ம் அளவு எடுக்கப் போனேன். அடுத்த வருஷத்துக்கும் சேத்துத் தாராளமா வச்சுத் தைக்கவான்னு கேட்டேன். அந்தப் பொண்ணு, வேணாங்க, இதோட நிறுத்திடுவாங்கன்னு சொல்லுச்சு..."