ரிஜெக்ட் இல்லாத தட்டு

மத்திகிரியில் நாங்கள் கீழ் வீட்டிலும், கணவரின் தம்பி குடும்பம் மாடியிலும் வாடகைக்கு இருக்கிறோம். ஆயுத பூஜைக்கு முந்தைய ஞாயிறன்று மாடியில் பரங்கிக்காய் குக்கீஸ் போடுவது ஐந்து வருடப் பழக்கம். தொடங்கியவள் என் ஓரகத்தி. போனஸில் ஓவன் வாங்கிய வருடம் ஏதோ வீடியோ பார்த்துச் செய்தாள். இப்போது அது இல்லாமல் எங்கள் வீட்டில் பூஜை இல்லை.

அவள் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் இறுதிச் சோதனைப் பிரிவில் இருக்கிறாள். குக்கீஸையும் அப்படித்தான் பார்ப்பாள். தட்டு வெளியே வந்ததும் ஒவ்வொன்றாகத் திருப்பி, "இது ஓகே, இது ஓகே, இது ரிஜெக்ட்" என்று பிரிப்பாள். ஓரம் கருகினாலோ நடுவில் வெடித்தாலோ ரிஜெக்ட். ஓகே ஆனவை ஆறியதும் வெண்ணெய் கிரீம் தடவி, டப்பாவில் தொழிற்சாலைக்கும் அக்கம்பக்கத்துக்கும் போகும். ரிஜெக்ட் எல்லாம் சுடச்சுடப் பிள்ளைகளுக்கு. அவளுடைய இரண்டு பையன்களும் என் மகளும் கை நீட்டி நிற்பார்கள். மகளுக்கு ஒன்பது வயது. நான் ஊட்டினால்கூட போனைப் பார்த்துக்கொண்டே தின்பவள், அங்கே கண் கொட்டாமல் சித்தியின் விரலையே பார்த்திருப்பாள்.

பத்திரிகையில் பிறர் எழுதியதைத் திருத்துவது என் வேலை. சரியான சொல் இருக்கும்போது சுற்றி வளைத்தால் அடித்துவிடுவேன். எனவே பொறாமை என்றே எழுதுகிறேன்.

போன வருடம் அந்த ஞாயிறு அவளுக்கு வேலை விழுந்தது. முந்தின நாள் கீழே வந்தாள்.

"அக்கா, நாளைக்கு ஷிப்ட் போட்டுட்டாங்க. நீங்களே போட்டுடுறீங்களா? பரங்கிக்காய வேகவெச்சு துணியில கட்டித் தொங்க விட்டுருங்க. தண்ணி இருந்தா தோசை மாதிரி படர்ந்துக்கும்."

"எனக்குத் தெரியாதா?"

"தெரியும்க்கா. இல்லன்னா பசங்க உயிர எடுத்துருவானுங்க, அதான்."

மறுநாள் கம்பெனி பஸ் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போகும்வரை தெருமுனையில் நின்றேன். அதற்கு முன் ஒருநாளும் அப்படி நின்றதில்லை.

மாடி அடுப்படியில் மாவை எடைபோட்டு உருட்டினேன். ஒவ்வொன்றும் முப்பது கிராம். ஒரே டம்ளரின் அடியால் தட்டினேன். ஒவ்வொரு ஈட்டிலும் பாதி வெந்ததும் ஓவன் தட்டை முன்பின்னாக மாற்றி வைத்தேன். பெரிய தட்டில் அடுக்கிய நாற்பத்தெட்டும் ஒரே நிறம், ஒரே கனம். அவள் கைக்கு ஒரு வருடமும் இப்படி வந்ததில்லை.

பிள்ளைகள் வந்து நின்றார்கள்.

"ரிஜெக்ட் எங்கம்மா?" என்றாள் மகள்.

"ரிஜெக்டே இல்ல. எல்லாம் நல்லா வந்திருக்கு. நல்லதையே எடுத்துக்கோ."

"நல்லது டப்பாவுக்கும்மா."

சின்னவன் குனிந்து தட்டைப் பார்த்தான். "பெரிம்மாவுக்கு செக் பண்ணத் தெரியலடா" என்று அண்ணனிடம் சொன்னான். மூவரும் டிவிக்குப் போய்விட்டார்கள். நான் ஒன்றை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போய் நீட்டினேன். மகள் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "சித்தி வரட்டும்" என்றாள்.

முதல் ஷிப்ட் முடிந்து ஓரகத்தி சீருடையோடு வந்தாள். கையைக் கழுவி, தட்டை ட்யூப்லைட்டுக்கு நேராக இழுத்து, எல்லாவற்றையும் திருப்பிப் பார்த்தாள்.

"அக்கா! நாப்பத்தெட்டும் ஓகே. எங்க லைன்லகூட இப்படி வராது."

நான் அத்தனை வருடமாகக் கேட்க விரும்பிய பேச்சு. அதைக் கேட்டு முடிப்பதற்குள் மகள் அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஒண்ணுகூடவா இல்ல சித்தி?"

அவள் என் மகளின் முகத்தைப் பார்த்தாள். மூன்றாவது வரிசையிலிருந்து ஒன்றை எடுத்தாள். "அடடே, இது ரிஜெக்ட்." பையன்களுக்காக இன்னும் இரண்டு.

"இங்க குடு, என்ன குறைன்னு பாக்கறேன்" என்றேன்.

மகள் அதற்குள் பாதியைக் கடித்திருந்தாள். மீதியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். "சித்தி சொன்னா ரிஜெக்ட்தாம்மா."

மூன்றிலும் குறை எதுவும் இல்லை. நாற்பத்தைந்துக்குக் கிரீம் தடவ உட்கார்ந்தேன். ஓரகத்தியும் ஒரு கத்தியோடு பக்கத்தில் வந்து அமர்ந்தாள்.

"அடுத்த வருஷமும் நீங்களே போடுங்கக்கா."

நான் அடுத்ததை எடுத்து, ஓரம் எங்காவது கருகியிருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தேன்.