மாமி வென்ற கோப்பை

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, ஜெர்மனியின் டோர்ட்மண்டில் எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு ஒரு பச்சைப் பொய் சொன்னார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுதாக ஆறவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. இலங்கைக்காக டென்னிஸ் ஆடும் பத்தொன்பது வயதுத் தமிழ்ப் பெண் ஒருத்தி பக்கத்து நகரத்தில் ஒரு சின்னக் கோப்பையை வென்றிருந்தாள். டென்னிஸ் உலகில் எங்கள் தீவை யாரும் தேடுவதில்லை; ஆகவே சின்னக் கோப்பையும் எங்களுக்குப் பெரிதுதான். ஞாயிறு மதியம் மண்டபத்தில் பொன்னாடை போர்த்தினார்கள். பந்து வலைக்கு மேலே போகவேண்டுமா கீழேயா என்று தெரியாதவர்கள்கூட அவளோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

தலைவர் சொன்னது இதுதான்: “வெளிநாட்டில போய் வெண்ட எங்கட முதல் பொம்பிளைப்பிள்ளை இவதான்.”

அப்பாவின் தங்கையான என் மாமி அப்போது மண்டபத்தின் பின்னால் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். இருபது வருடங்களுக்கு முன்பே மெட்ராஸுக்குப் போய் டென்னிஸ் கோப்பை வென்றவர் அவர். அப்பா எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். நான் மேடைக்கு ஓடினேன்.

“பொய். முதல் வெண்டது என்ர மாமி.”

சபை சிரித்தது. தலைவரும் சிரித்துக்கொண்டே மாமியிடம் உண்மையா என்று கேட்டார்.

“சின்னப்பிள்ளை கனவு கண்டிட்டுது. எனக்கு மட்டை பிடிக்கவே தெரியாது” என்றார் மாமி.

சிரிப்பு இரண்டு மடங்கானது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அந்த டென்னிஸ்காரி மட்டும் சிரிக்கவில்லை. பிறகு தேநீர் வாங்க வந்தவள் மாமியை வெகுநேரம் பார்த்தாள். “அன்ரி, உங்கட படம் ஊரில எங்கட கிளப்பில தொங்கினது. வெள்ளை அடிக்கேக்க கழட்டினவை, திருப்பிக் கொழுவேல்லை” என்றாள்.

“அது வேற ஆரும் இருக்கும் பிள்ளை. தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ.”

வீடு திரும்பும் டிராமில் மாமி என் கையைப் பிடிக்க வந்தார். நான் உதறினேன். நீங்கள் பொய்க்காரி என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்பா என் பக்கம் நிற்பார் என்று நம்பித்தான் வீட்டில் முறைப்பாடு செய்தேன். அவருடைய முகம் வெளிறிவிட்டது.

“அவ வேற ஆளின்ர பாஸ்போட்டில வந்தவ. அகதியா ஏற்கச் சொல்லிப் போட்ட அசூல் வழக்கும் அந்தப் பேரிலதான். வாற மாதம் கோட்டில விசாரணைக்கு டெர்மின். சொந்தப் பேர் வெளிய வந்தா திருப்பி அனுப்பிப்போடுவாங்கள். விளங்குதோ?”

ஓம் என்றேன். விளங்கவில்லை. வென்றவர் வென்றேன் என்று சொல்ல ஏன் பயப்படவேண்டும்? படத்தைச் சுவரில் இருந்து கழற்றியவர்களை விட்டுவிட்டு, பெயரைப் பறித்தவர்களை விட்டுவிட்டு, முழுக் கோபத்தையும் மாமியின் மேல் இறக்கினேன். வழக்கு முடியும்வரை அவரோடு பேசவேயில்லை.

வழக்கில் மாமி வென்றார். மாமி இங்கே இருக்கலாம் என்று கடிதம் வந்தது. சாகும்வரை அந்த இரவல் பெயரில் இருக்கலாம். அம்மா கேக் வெட்டினார். அப்பா கடிதத்தின் மேலிருந்த அந்தப் பெயரைச் சத்தமாக வாசித்தார். மாமி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

சந்தோசத்தில் அழுகிறார் என்று நினைத்து, நான் கை தட்டினேன்.