ஒரு மில்லிக்கு எத்தனை சொட்டு

துர்காவுக்கு இருபத்தேழு வயது. சிட்லபாக்கம் ஏரிப் பக்கம் ஒரு சின்ன நர்சிங் ஹோமில், குழந்தைகள் வார்டில் ஆறு வருஷமாக உதவி நர்ஸ். பெரியவர்கள் வார்டுக்கு வா, சீனியர் ஆக்குகிறோம் என்று இரண்டு தடவை கூப்பிட்டார்கள். போகவில்லை. குழந்தைகள் என்றால் அவளுக்கு உயிர் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

நிஜக் காரணம் வேறு. குழந்தைகளுக்கு மாட்டும் டிரிப்ஸ் குழாயில் சொட்டு பொடியாக விழும். டாக்டர் மணிக்கு நாற்பது மில்லி என்று எழுதினால் நிமிஷத்துக்கு நாற்பது சொட்டு. ஐம்பது என்றால் ஐம்பது. கணக்கே கிடையாது. ஏன் அப்படி என்று அவளுக்குத் தெரியாது, கேட்கவும் பயம். பெரியவர்கள் வார்டு என்றால் பெருக்க வேண்டும், வகுக்க வேண்டும்.

அனகாபுத்தூரில் பத்தாவது படித்தபோது, அரைப் பரீட்சை முடிந்ததும் பதினோரு பேரைப் பிரித்துத் தனி அறையில் உட்கார வைத்தார்கள். அவர்களுக்கு வடிவியலும் வரைபடமும் மட்டும். அதே பத்துக் கணக்கு, தினமும், கை பழகுகிற வரை. இந்தக் கோடு எதைச் சொல்கிறது என்று துர்கா ஒரு நாள் கேட்டாள். கணக்கு சார் கெட்டவர் இல்லை. அவருக்கும் மேலேயிருந்து நெருக்கடி. "உனக்கு அதெல்லாம் வேணாம்மா. போட்டுட்டுப் பாஸாயிடு" என்றார். நாற்பத்தொன்று வாங்கிப் பாஸானாள். நூறு சதவீதத் தேர்ச்சி என்று பள்ளிக்கூட வாசலில் ஃபிளெக்ஸ் கட்டினார்கள். அந்த நூறில் அவளும் ஒருத்தி. வட்டத்துக்குத் தொடுகோடு இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு வரைவாள். நாலில் ஒன்று பெரிதா, மூன்றில் ஒன்று பெரிதா என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள்.

அதை மறைப்பதே தனி வேலையாகிவிட்டது. ஞாயிறு தவறாமல் அண்ணன் ஜீவானந்தம் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவள்தான். அண்ணன் மகள் தீபா ஐந்தாம் வகுப்புக்கு வந்து, பின்னக் கணக்கு நோட்டோடு மடியில் ஏறி உட்கார்ந்த நாளிலிருந்து ஞாயிறுகளில் துர்காவுக்கு டூட்டி வந்துவிட்டது. அவளே கேட்டு வாங்கிக்கொண்ட டூட்டி. அண்ணி இரண்டு மாசம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். குரோம்பேட்டை ஹாஸ்டலில் கூட இருக்கும் பெண்கள் பேங்க் பரீட்சைக்குப் படிக்கிறவர்கள். ஒருத்தி கணக்கைச் சத்தமாகப் படிக்க, இன்னொருத்தி விடை சொல்வாள். துணி காயவில்லை என்று சொல்லிக்கொண்டு துர்கா மொட்டை மாடிக்குப் போய்விடுவாள்.

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். கோவிலம்பாக்கத்திலிருந்து முந்தின நாள் வாந்தி பேதியோடு வந்து சேர்ந்த ஒரு வயசுக் குழந்தை. மணிக்கு நாற்பத்தைந்து மில்லி என்று எழுதி வைத்துவிட்டு டாக்டர் போய்விட்டார். ஸ்டாஃப் நர்ஸ் கீதா கீழே பிரசவ அறையில். பொடிச் சொட்டுக் குழாய் தீர்ந்துபோய், ஸ்டோரிலிருந்து பெரியவர்களுக்கு மாட்டுகிற குழாயை அனுப்பியிருந்தார்கள்.

குழந்தையின் அம்மா காந்தா அந்தக் குழாயின் கவரை உற்றுப் பார்த்தாள். "இன்னாக்கா, நேத்து போட்டது வேற மாரி இருந்துச்சே?"

பாட்டிலில் செருகித் திறந்து பார்த்தாள் துர்கா. சொட்டு பருமனாக விழுந்தது. பழக்கத்தில் நாற்பத்தைந்து சொட்டு வைத்தால் அந்தச் சின்ன உடம்பு தாங்காது. அது மட்டும் தெரிந்தது. எவ்வளவு வைப்பது என்று தெரியவில்லை. குழந்தைக்கு மாட்டாமல் மூடி வைத்தாள்.

ஆறு வருஷத்தில் முதல் தடவையாகக் கவரைப் படித்தாள். ஒரு மில்லிக்கு இருபது சொட்டு. குப்பைக் கூடையில் கிடந்த பொடிச் சொட்டுக் குழாயின் பழைய கவரில் அறுபது. நம்பிக்கை வராமல், டானிக் ஊற்றும் சின்னக் கப்பை எடுத்துக் குழாய்க்குக் கீழே பிடித்தாள். ஐந்து மில்லிக் கோட்டைத் தொட நூறு சொட்டு. அப்படியானால் மில்லிக்கு இருபது சரிதான். ஒரு பெரிய சொட்டுக்கு மூன்று பொடிச் சொட்டு. நாற்பத்தைந்தை விரல் விட்டு மூன்றாகப் பிரித்தாள். பதினைந்து.

உடனே இன்னொன்றும் பிடிபட்டது. மணிக்கு அறுபது நிமிஷம். மில்லிக்கு அறுபது சொட்டு. நிமிஷத்துக்கு ஒரு சொட்டு விழுந்தால் மணிக்கு ஒரு மில்லி. அதனால்தான் இத்தனை வருஷம் நாற்பதுக்கு நாற்பது. இவ்வளவுதானா?

ஆனாலும் கை வால்வுக்குப் போகவில்லை. காந்தாவிடம் ஒரு நிமிஷம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கீழே ஓடினாள். கீதா பிரசவ அறை வாசலுக்கு வந்து, கேட்டதும் பேனாவைக்கூடத் தொடாமல், "பதினஞ்சு வை" என்றாள்.

"எனக்கும் பதினஞ்சுதான் வந்துச்சு, சிஸ்டர்."

"அப்புறம் எதுக்கு மாடியிலேர்ந்து ஓடி வந்த?"

துர்கா யூனிபார்ம் துப்பட்டாவின் நுனியை விரலில் சுருட்டினாள். "நான் போட்ட கணக்கு சரின்னு இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல, சிஸ்டர்."

உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள், கீதா போய்விட்டாள்.

மேலே வந்து குழாயை மாட்டி, வால்வைத் திறந்து, கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். பதினைந்து. மறுபடியும் எண்ணினாள். பதினைந்து.

"சரியா போவுதாக்கா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் காந்தா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டு நாளாகத் தூக்கமில்லை அவளுக்கு.

ஏன் பதினைந்து என்று யாராவது கேட்டிருந்தால் துர்கா சொல்லியிருப்பாள், ஒவ்வொரு சொட்டாக, முதலிலிருந்து. வார்டில் விழித்திருந்தது அவள் ஒருத்திதான்.